வேஷம் என்று போட்ட நோட்டீஸ்

பசுவந்தனைச் சிவனாண்டிக்கு ஒரே பிள்ளை. ரேஷன் கார்டில் மாரிசெல்வம் என்று இருக்கும். கோவில்பட்டிப் பருத்திப்பூ விழாக்காரர்களைக் கேட்டால் செல்வமாரி என்பார்கள். புதுப் பேர் தேடி அவள் எங்கும் அலையவில்லை. சட்டையைத் திருப்பிப் போடுவதுபோல இருந்த பேரையே திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஊர் அவனென்றுதான் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தக் கதையில் அவள் அவள்தான்.

மீசை உண்டு. அப்பா வைக்கச் சொன்ன மீசை. உளுந்துக் காட்டில் மருந்தடித்துக் கறுத்த உடம்பு, மடித்துக் கட்டின லுங்கி. பார்க்கிறவர்களுக்கு விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டு இளந்தாரி. என்றைக்காவது ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தாலி கட்டச் சொல்வார்கள், அன்றைக்கு என்ன செய்வது என்பதுதான் அவளுக்குப் பயம். வேறு எதற்கும் பயந்தவள் இல்லை. காட்டில் பாம்பைக் கண்டால் மண்வெட்டிக் காம்பால் தூக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அவளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது ஒரு நோயால். பள்ளிக்கூடம் முடித்த வருஷம் மஞ்சள்காமாலை முற்றி, பிள்ளை தேறாது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்தார்கள். அம்மா பார்வதியம்மாள் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் மூன்று தசராவுக்குப் பெண் வேஷம் போட்டு வருவான் என்று. இந்தப் பக்கத்தில் இது ஊரறிந்த நேர்த்தி. காளி வேஷம், குறத்தி வேஷம், போலீஸ் வேஷம் என்று என்ன வேண்டுமானாலும் போடுவார்கள். மாலை போட்டு விரதம் இருந்து, தசரா செட்டு என்று கூட்டமாகச் சேர்ந்து, வேஷத்தோடு வீடு வீடாகப் போய் அம்மன் பேரால் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். பெண் வேஷம் போட்டவர் வாசலில் வந்து நின்றால் 'அம்மா வந்திருக்கா' என்றுதான் சொல்வார்கள். வயசான ஆட்கள்கூடத் தோள் துண்டை எடுத்துவிட்டுக் கும்பிடுவார்கள்.

பிள்ளை பிழைத்தது. பார்வதியம்மாள் தன் மாம்பழக் கலர் சேலையைத் தன் கையாலேயே கட்டிவிட்டாள். பவுடர் போட்டு, பொட்டு வைத்து, வளையல் மாட்டி, தள்ளி நின்று பார்த்து, "என் கண்ணே பட்டுரும் போலிருக்கே" என்றாள். அன்றைக்கு நடந்த நடையைச் செல்வமாரி மறக்கவே இல்லை. அதே தெரு, அதே ஆட்கள்தான். முந்தின வாரம் "ஏலே மாரி, இடுப்ப ஆட்டாம நட" என்று கத்தின டீக்கடைக்காரர் அன்றைக்குத் தட்டில் காசு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று வருஷம் முடிந்தது. நாலாம் வருஷம் அவள் ஒரு பொய் சொன்னாள்.

"அம்மன் கனவுல வந்தாம்மா. இன்னும் பத்தலங்கா."

பார்வதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு பீரோவைத் திறந்தாள். அடுத்த வருஷமும் கனவு வந்தது. அதற்கடுத்த வருஷமும் தப்பாமல் வந்தது. வருஷத்தில் சில நாள் அவள் அவளாக நடந்தாள். மிச்ச நாளெல்லாம் அந்தச் சில நாளை நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

அப்படி ஒரு தசராவில் காணிக்கைக்கு வந்த இடத்தில்தான் பிரேமலதா அவளைப் பார்த்தாள். கோவில்பட்டியில் இட்லி மாவு ஆட்டி விற்கிற திருநங்கை. தட்டில் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு, மேலும் கீழும் பார்த்து, பைய ஒரு சொல் கேட்டாள்.

"ஏட்டி, மாலையக் கழத்துன பொறவு எங்கன போவ?"

பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற சொல். அதுவரை அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேஷத்தில் இருக்கும்போது அம்மா, வேஷம் கலைத்தால் ஏலே. இந்த ஏட்டி இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்து வந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பியது.

பிரேமலதாவும் அவள் சேக்காளிகளும் சேர்ந்து மாசி மாசத்தில் நடத்துவதுதான் பருத்திப்பூ விழா. திருநங்கைகள், ஆணை விரும்புகிற ஆண்கள், பெண்ணோடு வாழ நினைக்கிற பெண்கள், தான் எது என்று சொல்லத் தெரியாமலே வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று எல்லாரும் சேர்கிற விழா. ஆட்டம், பாட்டு, வில்லுப்பாட்டு, நாடகம், கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்ட போட்டோப் படங்கள். பேர் வைத்தது பேச்சிராஜா. மணியாச்சியில் தண்டவாள வேலை பார்க்கிறவன், உறுமி அடிப்பான், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே நாற்பதைத் தாண்டினவன். "பருத்திப்பூ பூக்குத அன்னைக்கு மஞ்சளா இருக்கு. மறுநா ரோஸ் ஆயிருது. எந்தச் சம்சாரியாவது அதப் பிடிச்சு வெச்சு ஏன்னு கேட்டிருக்கானா?" என்பான்.

முதல் விழாவுக்கு மண்டபம் கேட்டுப் போனபோது பிரேமலதா உள்ளதை உள்ளபடி சொன்னாள். மேனேஜர் மண்டபத்துக்கு வெள்ளையடிக்கிறோம் என்றார். வெள்ளையடித்து நாலு மாசம்கூட ஆகாத மண்டபம் அது. அடுத்த மண்டபத்தில் அவள் வாயில் வேறு சொல் வந்தது.

"வேஷக் கலை விழா அண்ணாச்சி."

"தசரா செட்டா? முதல்லயே சொல்லக்கூடாதா, தாராளமா நடத்துங்க."

அன்றைக்குப் பிடித்த சொல்தான். அன்றிலிருந்து நோட்டீஸில், 'பருத்திப்பூ வேஷக் கலை விழா'. செல்வமாரியும் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் வந்துபோனாள். சிவனாண்டிக்கு அதில் பெருமைதான். அம்மன் கொடுத்த வேஷம், நாலு ஊர் ஆட்கள் பார்க்கட்டுமே என்றார்.

போன மாசியில் அவள் ஆடின ஆட்டத்தை யாரோ செல்போனில் பிடித்துப் போட, அது பசுவந்தனைக்கும் வந்து சேர்ந்தது. அதைக் கேள்விப்பட்டுக் காட்டிலிருந்து வந்த செல்வமாரி வாசலில் அப்பாவின் செருப்பைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றாள்.

"ஏலே, உள்ள வா" என்றார் சிவனாண்டி. கையில் போன். "என்னா ஆட்டம் ஆடியிருக்க! பொம்பள தோத்தா போ. தரகர் பாத்துட்டுப் போன் போட்டாரு. குளத்தூர்ல ஒரு பொண்ணு, மருந்துக்கடையில இருக்காளாம். அவ மாமன் இதப் பாத்துட்டு, பக்தியுள்ள பையனா இருக்கானே, மேக்கொண்டு பேசலாமான்னு கேட்டிருக்காரு."

திட்டுவார் என்று நினைத்து வந்தவள் பாராட்டில் மாட்டிக்கொண்டாள். திட்டினால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலாம். சிரித்துக்கொண்டு நிற்கிற மனுஷரிடம் எதைச் சொல்ல?

வைகாசியில் அடுத்த விழாவுக்குக் கூடிப் பேசினார்கள். பிரேமலதாவின் மாவுக்கடைதான் ஆபீஸ். கிரைண்டர் ஓடும்போது கத்திப் பேச வேண்டும், நின்றதும் எல்லார் குரலும் தெருவுக்குக் கேட்டுவிடும்.

"இந்த வருசம் வேஷம்ங்கிற சொல்ல எடுத்திரணும்" என்றாள் பிரேமலதா. "நான் என்ன வேஷமா போட்டிருக்கேன்? காலையில எந்திச்சு மாவு ஆட்டுதேன், மத்தியானம் ரெண்டு வாய் சோத்தத் தின்னுட்டுச் சாயுதேன். இதுல எங்க இருக்கு வேஷம்? நம்ம எல்லாருக்கும் சேத்துச் சொல்லுத பேரு இருக்குல்லா, பால்புதுமையினர் கலை விழான்னு பெருசாப் போடுவோம்."

"பாலு புதுசா வந்திருக்கு போலன்னு நெனச்சு ஊரே சொம்போட வந்துரும்" என்றான் பேச்சிராஜா.

"சவம், வாயக் கழுவு."

எல்லாரும் சிரித்தார்கள். செல்வமாரி சிரிக்கவில்லை. "அக்கா, அந்தச் சொல் இருந்தாத்தான் நான் வரமுடியும்" என்றாள். "அத எடுத்துட்டா எங்க வீட்ல கேப்பாவ. நான் என்னன்னு சொல்லுவேன்?"

கிரைண்டர் நின்றுபோயிருந்தது. பிரேமலதா மாவை வழித்துக்கொண்டே யோசித்தாள். பதினாறு வயசில் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வீட்டை விட்டு ஓடிவந்தவள். அம்மா செத்தபோது தெருமுனை வரைக்கும்தான் அவளை விட்டார்கள்.

"சரிட்டி. ஒனக்காக இந்த ஒரு வருசம் இருக்கட்டும். ஓடிவந்தவ சொல்லுதேன், ஓடாத. ஆனா ஒண்ணு கேட்டுக்க. அந்தக் குளத்தூர்ப் பொண்ணு கழுத்துல மட்டும் தாலியக் கெட்டிராத. பூட்டுன வீட்டுக்குள்ள நீ ஒருத்தி கெடக்கது போதும். இன்னொருத்தியயும் உள்ள இழுத்துப்போட்டுப் பூட்டிராத."

"மாட்டேங்கா."

"மாட்டேன்னு என்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? அங்க சொல்லு."

அங்கே சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. தசரா வரட்டும், ஒரு கனவு கண்டுவிடுவோம் என்று இருந்தாள். 'அம்மன் கல்யாணம் வேண்டாமென்கிறாள்' என்று சொன்னால் முடிந்தது. இத்தனை வருஷமாகப் பலித்த கனவு இதற்குப் பலிக்காதா?

பார்வதியம்மாள் முந்திக்கொண்டாள். ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஊர்க் கோயிலில் பூக்கட்டிப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டாள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம், இரண்டையும் ஒன்றுபோல் மடித்து அம்மன் காலடியில் வைத்து, விவரம் தெரியாத சின்னப்பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது.

"வெள்ளை வந்தா நேர்த்தி போதும், பிள்ளை கல்யாணம் காட்சின்னு இருக்கட்டும். சிவப்பு வந்தா வேஷம் தொடரணும். ஆத்தா, நீயே சொல்லு" என்று அம்மா கண்ணை மூடி நின்றாள்.

செல்வமாரியும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றாள். அம்மன் பேரில் அத்தனை பொய் சொன்ன வாயால் என்னவென்று வேண்டுவது? அவள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று பார்வதியம்மாள் குலவை போட்டாள். கூட நின்ற பெண்களும் போட்டார்கள். இனி எந்தக் கனவைக் கண்டு என்ன? கனவில் சொன்னவளே பூவில் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்பார்கள்.

அந்தப் புரட்டாசியில் அவள் மாலை போடவில்லை. தசரா செட்டுகள் மேளத்தோடு தெருவில் போனபோது உழவுக்காட்டில் விதைப்புக்கு டிராக்டர் பிடித்து நின்றாள். மழை இறங்கி, கரிசல் நனைந்து, காலை வைத்தால் விடமாட்டேன் என்று அப்பிப் பிடித்தது. செருப்பைப் பிடுங்கினால் கால் புதைந்தது, காலைப் பிடுங்கினால் செருப்பு புதைந்தது. மேளச் சத்தம் தேய்ந்து ஓய்கிற வரைக்கும் அப்படியே நின்றாள். டிராக்டர்க்காரன், "என்ன மாப்ள, கல்யாணக் கனவா?" என்று கேட்டான்.

தை பிறந்ததும் குளத்தூரில் நிச்சயம். பெண் பேர் உமாராணி. தட்டு மாற்றும்போது ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். தெளிவான முகம். கல்யாணம் வைகாசி என்று நாள் குறித்தார்கள். வரும்வழியில் வேனில் சொந்தக்காரர்கள் பாட்டுப் போட்டு ஆடினார்கள். செல்வமாரி ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்கியதும் சொல்லிவிடுவேன், வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே வந்து, சோறு தின்று படுத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் பிரேமலதா விழா நோட்டீஸோடு பசுவந்தனைக்கே வந்தாள். அவளைத் தசரா செட்டுக்காரம்மா என்றுதான் அந்த வீட்டில் தெரியும். சிவனாண்டி நாற்காலியை எடுத்துப் போட்டார். அடுப்படியில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் செல்வமாரி. வெயிலில் வந்த களைப்பில் பிரேமலதா தன்னை மறந்தாள்.

"ஏட்டி மாரி, குடிக்கத் தண்ணி கொண்டாட்டி!"

"இந்தா வாரேங்கா" என்று எழுந்தாள் செல்வமாரி. எழுந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

சிவனாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். "என்னம்மா, எம் மகன ஏட்டிங்கிய!"

"வாய் தவறிட்டு அண்ணாச்சி. வேஷம் போட்டே பாத்த கண்ணு."

"அது சரி, அது சரி. இந்த வருசம் சம்பந்தக்காரங்களயும் கூட்டிட்டு வாரோம். மாப்பிள ஆட்டத்த நேர்ல பாக்கட்டும்" என்று நோட்டீஸை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். "வேஷக்... கலை... விழா. பேஷ்."

பார்வதியம்மாள் அடுப்படியிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு உலையில் அரிசி போட வேண்டியிருந்தது.

மாசியில் விழா. மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலில் பேச்சிராஜா உறுமியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கயிற்றில் தொங்கின படங்களை ஆட்கள் நின்று பார்த்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் குச்சி அடுக்குகிற இரண்டு பெண்கள், ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள், மாமியார் இல்லாத வீட்டின் சௌகரியங்களை வில்லுப்பாட்டாகப் பாடி மண்டபத்தைச் சிரிக்கவைத்தார்கள். இரண்டாம் வரிசையில் சிவனாண்டி, பார்வதியம்மாள், உமாராணி, அவள் மாமா, அம்மா. மாமாதான் அதிகமாகச் சிரித்தார்.

செல்வமாரி அந்த வருஷம் ஆடினது முளைப்பாரிக் கும்மி. சின்ன வயசில் ஊர்க் கோயில் கொடையில் பெண்கள் வட்டமாகக் கும்மியடிக்கும்போது வட்டத்துக்கு வெளியே நின்று கையைத் தட்டிப் பழகினது. உள்ளே வரக்கூடாது என்று விரட்டுவார்கள். இங்கே வட்டத்துக்கு நடுவில் நின்றாள். மீசையை எடுத்திருந்தாள். சவுரி வைத்துப் பின்னல் போட்டு, அடர்ந்த பச்சைச் சேலை. குனிந்து தட்டி, நிமிர்ந்து திரும்பி, இடது கையைக் கொஞ்சம் தாமதித்துத் தட்டுகிற தட்டு பார்வதியம்மாளுடைய தட்டு. அந்த ஊரில் வேறு யாரும் அப்படித் தட்டமாட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் சிவனாண்டி சால்வையோடு மேடைக்கு ஏறிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. மைக்கைப் பிடித்து, "இது எம் மகன்தான். பேரு மாரிசெல்வம். யாராவது சொல்லுவியளா ஆம்பளன்னு?" என்றார். கூட்டம் விசிலடித்தது. "ஏலே, அந்த முடியக் கழத்து. சம்பந்தி மூஞ்சியப் பாக்கட்டும்."

அவள் கை மேலே போகவில்லை. ஒரு வருஷமாக விழுங்கி வைத்திருந்தது மைக்குக்கு முன்னால் தானாக வந்தது.

"அப்பா, இது வேஷம் இல்ல. நான் மாரிசெல்வம் இல்ல. செல்வமாரி. ஒங்க மகதான் நான். எனக்குக் கல்யாணம் வேண்டாம்ப்பா."

கைத்தட்டு கூரையைப் பிய்த்தது. உமாராணியின் மாமா நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினார். சிவனாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னா நடிப்பு! என்னா நடிப்பு! நெசம்னே நெனச்சுட்டேன்" என்று சால்வையைப் போர்த்தினார்.

"அப்பா, நெசமாத்தான் சொல்லுதேன்."

மறுபடி கைத்தட்டு.

மைக்குப் பக்கத்தில் நின்ற பிரேமலதா கையைப் பிசைந்தாள். நோட்டீஸில், பின்னால் தொங்கின பேனரில், வாசல் வளைவில், எல்லா இடத்திலும் வேஷம் வேஷம் என்று எழுதியிருந்தது. அந்தச் சொல் இருக்கட்டும் என்று கேட்ட செல்வமாரியே சால்வையோடு நின்றாள். இந்த மேடையில் நின்று எதைச் சொன்னாலும் அது நன்றாக நடித்ததாகத்தான் ஆகும். இறங்கி, சேலையை மாற்றி, பேண்ட் சட்டையோடு வந்து சம்பந்தி வீட்டாருக்குக் காபி கொடுத்தாள். காபியை வாங்கிக்கொண்டு மாமா அவள் தோளில் தட்டி, "மாப்ள, சினிமாவுக்குப் போயிருக்கணும் நீங்க" என்றார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் களத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டுப் புரட்டுகிற வேலை. அம்மாவும் அவளும் மட்டும். மீசை திரும்ப முளைத்துக்கொண்டிருந்தது. மிளகாய் நெடியில் இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினார்கள். பவுடர் இல்லை, பொட்டு இல்லை, அழுக்கு லுங்கி. இங்கே சொன்னால் யாரும் கை தட்டமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"எம்மா. அன்னைக்கு மேடையில சொன்னம்லா..."

"தெரியும்" என்றாள் பார்வதியம்மாள், குனிந்து புரட்டிக்கொண்டே.

"நடிப்பு இல்லம்மா."

"தெரியும்ங்கேம்லா. அந்தம்மா வாசல்ல இருந்து ஏட்டின்னா. நீ வெடுக்குன்னு எந்திச்ச. நான் ஏலே ஏலேன்னு தொண்டத்தண்ணி வத்தக் கூப்பிட்டாத்தான் ஒனக்கு என்னன்னு கேக்கத் தோணும். ஒனக்குக் காது மந்தம்னுல்ல இத்தன வருசமா நெனச்சேன். டாக்டர்ட்டக் காட்டணும்னு ஒங்க அப்பாட்டச் சொல்லிட்டு இருந்தேன்."

செல்வமாரி வற்றல் புரட்டுகிற பலகையைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப அந்தக் கனவு?" என்றாள் அம்மா.

"கனவு வரலம்மா. நாந்தான் கேட்டேன்."

பார்வதியம்மாள் நிமிர்ந்தாள். கையில் இருந்த வற்றலை அவள்மேல் வீசி எறிந்தாள். "ஆத்தா பேர்ல பொய் சொல்லிருக்க! வருசா வருசம் சொல்லிருக்க! ஒன்ன வெளக்குமாத்தாலதான் அடிக்கணும்!" தும்மல் வந்தது. தும்மினாள். மறுபடியும் தும்மினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்து, அப்படியே முகத்தையும் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து பேசினாள். "உசுரக் குடுன்னுதான் அவகிட்டக் கேட்டேன். எப்படிக் குடுன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணுமோ என்னமோ."

செல்வமாரி சிதறின வற்றலைப் பொறுக்கிப் போட்டாள்.

முந்தானையை இறக்கிவிட்டு அம்மா கேட்டாள். "அந்தக் குளத்தூர்ப் புள்ளைக்கு யார் சொல்லுவா?"

"நாந்தான் சொல்லணும்."

"நாளைக்குக் காலையில கெளம்பு. நானும் வாரேன். ஒத்தையில போனா பாதி வழியில திரும்பிருவ. எனக்குத் தெரியாதா ஒன்ன?"

குளத்தூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மருந்துக்கடையில் மத்தியான நேரம் கூட்டம் இல்லை. உமாராணி அவர்களைப் பார்த்ததும் பதறி எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். செல்வமாரி உட்காரவில்லை. கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. சொல்லி முடிக்கிற வரைக்கும் உமாராணி ஒரு மாத்திரை அட்டையை மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு மேடையிலயும் இதத்தான சொன்னீங்க?" என்றாள்.

"ஆமா."

"நானும் கை தட்டுனேன்."

ஒருவர் வந்து இருமல் மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்து, சில்லறை கொடுத்து அனுப்பினாள். திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

"நிச்சயத்துக்கு முன்னாடி வந்து இப்படி நின்னிருக்கக்கூடாதா? எங்கம்மா நிச்சயச் சேலையத் தெரு பூராக் காட்டிட்டா. இப்ப நான் வேண்டாம்னு சொல்லணும், அதுக்குத்தான வந்திருக்கிய? நான் சொன்னா என்னையத்தான பேசுவாவ. திமிரு பிடிச்சவ, எவனோடயோ பழக்கம்பாவ. ஒங்களுக்கு ஒங்க கஷ்டம். எனக்கு யாரு இருக்கா?"

சரிதான். அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. செல்வமாரி தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான்மா. நீங்க வேண்டாம்னு சொல்லாண்டாம். நானே எங்கப்பாட்டச் சொல்லிருதேன்."

"அவிய மறுபடி நடிப்பும்பாவ" என்றாள் உமாராணி. சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வரப்பார்த்தது. அடக்கிக்கொண்டாள். "போங்க. நான் எங்க மாமாட்டப் பேசிக்கிடுதேன். மாப்பிளைக்குக் கிறுக்கு இருக்கும்போலன்னு சொல்லிருதேன். அத நம்பிருவாரு. கோவிச்சுக்கிடாதீங்க."

"இல்ல."

பார்வதியம்மாளுக்கு அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு இறங்கக் கூச்சமாக இருந்தது. "ஒரு தலைவலித் தைலம் குடு தாயி" என்றாள். உமாராணி எடுத்துக் கொடுத்தாள். பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக் கல்லாவில் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பக்கமும் அறுத்து முடித்த கரிசல் வெடித்துக் கிடந்தது. பார்வதியம்மாள் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, "ஒங்க அப்பாட்ட ஒண்ணும் சொல்லாத" என்றாள். "சொன்னா ஒன்ன வீட்ட விட்டு எறக்கிருவாரு. நீ எறங்குனா நான் அந்த வீட்ல இருக்கமாட்டேன். பொறவு அவியளுக்குக் கஞ்சி காச்ச ஆளில்ல. மூணு பேரும் மூணு திக்குல நிக்கணும். பொண்ணு வீட்ல வேண்டாம்னுட்டாவ, அம்புட்டுதான்."

"எத்தன நாளைக்கும்மா?"

"அது எனக்குத் தெரியாது."

இரண்டு நாளில் குளத்தூரிலிருந்து போன் வந்துவிட்டது. கிறுக்கு என்ற சொல்லை மாமா அப்படியே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. சிவனாண்டி போனை வைத்துவிட்டு வீடு அதிரக் கத்தினார்.

"வேஷம் கெட்டி ஆடுனதால வந்த வினை! ஏலே, இனி கோவில்பட்டி மண்டபத்துப் பக்கம் ஒன் காலு போச்சு, முறிச்சுப்போடுவேன். அந்தச் செட்டுக்காரம்மா இந்த வாசப்படி ஏறக்கூடாது. கேட்டியா?"

"கேட்டுச்சுப்பா."

மாவுக்கடையில் அடுத்த விழாவுக்குக் கூடப்போகிறார்கள். இந்தத் தடவை நோட்டீஸில் அந்தச் சொல் இருக்காது என்று பிரேமலதா போனில் சொல்லியிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. செல்வமாரி போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, காய்ந்த வற்றலைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

சிவனாண்டி அன்று சாயங்காலமே தரகருக்குப் போன் போட்டார். எட்டயபுரத்தில் ஒரு இடம் இருக்கிறதாம், பெண் டெய்லர் கடை வைத்திருக்கிறாளாம், ஜாதகம் வந்துவிடுமாம். போனைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்து, "என்ன சொல்லுத, பேசலாமா?" என்று பார்வதியம்மாளைக் கேட்டார்.

"பேசுங்க பேசுங்க" என்றாள் அவள்.

சாக்கின் வாயைப் பிடிக்க வெளியே வந்தவள், மகளின் முகத்தைப் பார்க்காமல், சணலை இழுத்துக் கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"எட்டயபுரத்துக்கு ஒரே பஸ்சுதான். மாறவேண்டியதில்ல."